நான் வெளிக்கிட்டுட்டன்

மே 6, செவ்வாய். பலேர்மோ

வந்து சேர்ந்தேன். பெட்டியும் வந்து சேர்ந்தது. சுங்க அதிகாரி ஒருவர் அதைத் திறந்து, இரண்டு கிலோ சாம்பார்ப் பொடியை வெடிமருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முகர்ந்து பாருங்கள் என்று சைகை காட்டினேன். முகர்ந்தார். அவர் தும்மி முடிப்பதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் 'தன்னந்தனியாக இத்தாலியில்' என்று ஒரு பயணக் கட்டுரை கேட்டிருக்கிறார். "திருச்சியில உக்காந்து புருஷனையும் பக்கத்து வீட்டையும் கிண்டல் பண்ணி எழுதினது போதும் இந்திராணி மேடம், கொஞ்சம் கண்டம் தாண்டுங்க" என்றார். அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு. கிண்டலுக்கு ஆள் கிடைக்காதோ என்ற கவலை வீட்டு வாசலிலேயே தீர்ந்தது.

மகள் தேன்மொழிக்கும் மாப்பிள்ளை கஜீபனுக்கும் மூன்றாம் மாடி. தரைத்தளத்தில் சம்பந்தியம்மா யோகமலர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இரண்டு பையன்களோடு இந்த ஊருக்கு வந்து, முப்பது வருஷம் இத்தாலிக்காரர் வீடுகளைத் துடைத்து, துணி துவைத்து அவர்களை ஆளாக்கியவர். மூத்தவர் கனடாவில். அவரோடு போய் இருப்பதற்குக் காகிதம் வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி விமானம். போனால் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்கிறார்.

மாப்பிள்ளை என்னை "மாமி" என்கிறார். திருச்சியில் மாமி என்றால் ஸ்ரீரங்கத்து மடிசார். கோழிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே "என்ன மாப்பிள்ளை?" என்றேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் மாமி.

சாம்பார்ப் பொடியைத் தேனு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "கீழ்வீட்டு மாமி அரைச்ச கறித்தூள் நிறைய இருக்கும்மா." ஏணி போட்டால்தான் எட்டும் தட்டு அது.

மே 7, புதன்

தமிழ் தெரியும் என்ற என் கர்வம் இன்று காலையிலேயே கழன்றது.

காய்கறிச் சந்தைக்குப் போவதாக ஏற்பாடு. கீழே இறங்கிப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து யோகமலர் குரல்: "நான் வெளிக்கிட்டுட்டன்!" உள்ளே இருந்துகொண்டு வெளியே போய்விட்டேன் என்கிறாரே, இது என்ன சித்து விளையாட்டு என்று விழித்தேன். தேனு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "வெளிக்கிடுறதுன்னா டிரஸ் பண்ணி ரெடி ஆகுறதும்மா. புறப்படுறதுக்கும் அதான் சொல்வாங்க. மாமி ரெடின்னு அர்த்தம்."

அடுத்த அடி சந்தையில். "உங்க மகன்கிட்ட நான் கொஞ்சம் பேசணும் அக்கா" என்றேன். அவர் கையிலிருந்த கத்தரிக்காய் அப்படியே நின்றது.

"ஏன், அவன் என்ன பிழை விட்டவன்?"

அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதற்கு அவர்கள் கதைப்பது என்கிறார்கள். நமக்குக் கதை என்றால் பாதி புளுகு. ஆக, அவர்கள் புளுகிக்கொள்கிறார்கள், நாம் திட்டிக்கொள்கிறோம். கட்டுரைக்கு நல்ல பத்தி.

மே 8, வியாழன்

தேனு முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். "நேர்ல சொல்லணும்னு இருந்தேம்மா" என்றாள். சந்தோஷம். கீழ்வீட்டில் ஆறு வாரமாகத் தெரியுமாம். ஒரே கட்டடத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் எப்படி வாந்தியெடுக்க முடியும்? நியாயம்தான். நான் ஒன்றும் வருத்தப்படவில்லை.

திருச்சியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அப்படியா! சரி, பெருங்காய டப்பா எங்க இருக்கு?" என்றார்.

மே 10, சனி

மத்தியானம் தேனு யாரிடமோ போனில் "ஓம், ஓம், கதைப்பம்" என்றாள். உறையூரில் பிறந்த பிள்ளை. ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்தேன் என்று கிண்டலடித்தேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். அந்த ப்ளீஸ் மட்டும் சுத்தமான திருச்சி.

மாலையில் யோகமலர் டீ கொண்டுவந்தார். சும்மா இருக்காமல், புதன்கிழமை ஒரு நாள் ஊர் சுற்றப் போவதாகச் சொன்னேன். ரயிலில் செஃபலூ என்ற கடற்கரை ஊர். அங்கிருந்து பஸ்ஸில் காஸ்டெல்புவோனோ என்ற மலை ஊர். பொழுது சாய வீடு.

"செஃபலூவோ?" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசியாக வேலைபார்த்த வீட்டுக் கிழவி, இவர் 'சிஞ்ஞோரா' என்றழைத்த வீட்டம்மா, அந்த ஊராம். படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் தினம் அந்த ஊர்ப் பேச்சுத்தானாம்.

"கடலுக்குக் கிட்ட, படி இறங்கினா ஒரு துறை இருக்குதாம். சிங்கத்தின்ர வாயில இருந்து தண்ணி ஊத்துமாம். சிஞ்ஞோராவின்ர தாய் அதிலதான் உடுப்புத் தோய்ச்சவவாம். வெள்ளைக்காரியள் குந்தியிருந்து தோய்ச்ச இடம், இந்திராணி! முப்பது வருசம் நான் இவையின்ர உடுப்பைத் தோய்ச்சிருக்கிறன். அந்த இடத்தை ஒருக்காப் பாக்கவேணும். 'எழும்பினதும் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவா. எழும்பேல்லை."

"ரயில் ஏறினா ஒரு மணி நேரந்தானேக்கா? போயிருக்கலாமே?"

"லீவு நாளில ஒரு நாளும் ஏலாமப் போச்சுது. தனியப் போகவும் மனமில்லை. நானும் வாறன். ரெண்டு சம்பந்தியும் போவம்!"

போவோம் என்றேன். வேறென்ன சொல்ல? கட்டுரைத் தலைப்பு 'தன்னந்தனியாக' என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மே 13, செவ்வாய்

யோகமலர் பயணத்துக்கென்றே வெள்ளை நிறத்தில் கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டார். மயில்நீலச் சேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு மேலே வந்து நடந்து காட்டினார். தேனு விசிலடித்தாள். அவள் வயிற்றில் கைவைத்து, "திரும்பி வந்து அப்பம்மா உனக்குச் சிங்கக் கதை சொல்லுவன்" என்றார். தேனு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

எனக்குத் தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

மே 14, புதன்

பெரிய நாள். ரயிலிலும் பஸ்ஸிலுமாக எழுதியது, கையெழுத்துக்கு நான் பொறுப்பல்ல.

காலையில் குளித்துவிட்டு வந்தால் போனில் யோகமலரின் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. "இந்திராணி, நான் வெளிக்கிட்டுட்டன்." அவ்வளவுதான். சரி, ஏதோ அவசர வேலை, வெளியே போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார், தேனு தூங்குகிறாள், யாரைக் கேட்பது? ரயிலுக்கும் நேரமாகிவிட்டது.

படி இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பழைய கட்டடம், சத்தம் எதிரொலிக்கும், பாவம் மற்ற வீட்டுக்காரர்கள். தரைத்தளத்தில் கறிவேப்பிலை தாளித்த வாசனை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரயிலில் போனை அணைத்தேன். சார்ஜ் மிச்சம்.

பலேர்மோவைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எலுமிச்சைத் தோப்பு. டிக்கெட் பார்க்க வந்தவர் என் டிக்கெட்டையும் பக்கத்துக் காலி இருக்கையையும் பார்த்துவிட்டு "சோலா?" என்றார். தனியாகவா என்று கேட்கிறார், அந்த அளவுக்கு இத்தாலியன் நான் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன். "சோலா, சோலா!" என்றேன், ஒலிம்பிக் மெடல் வாங்கினவள் போல. நம் ஊர் சோளாபூரி நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

செஃபலூ. ஊருக்குப் பின்னால் ஒரே கல்லில் ஒரு மலை. மலைக்கோட்டையின் அண்ணன் என்று சொல்லலாம், பிள்ளையார்தான் இல்லை. அடியில் மஞ்சள் நிறக் கல்லில் பெரிய தேவாலயம். சந்துகளில் வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி காய்கிறது. அண்ணாந்து பார்த்து நடந்தால் யாருடைய பனியனோ நெற்றியில் சொட்டும். கடற்கரையில் தாத்தா பாட்டிகள் அரைகுறை உடையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அப்பளம் காயப்போட்ட மாதிரி. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் நின்ற என்னைத்தான் எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள்.

அந்தத் துறையைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. சந்து தானாகக் கொண்டுபோய் விட்டது. கறுத்த கல் படிகள், வளைந்து வளைந்து தேய்ந்து, எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று கீழே இறங்குகின்றன. கீழே வளைவுக் கூரைக்கடியில் கல் தொட்டிகள். சுவரில் வரிசையாகச் சிங்க முகங்கள். வாயிலிருந்து தண்ணீர். சிங்கங்கள் கர்ஜிப்பதாகத் தெரியவில்லை. வாய் கொப்பளிக்கின்றன. ஒன்றுக்குப் பாதி மூக்கைக் காணோம். தொட்டிக்கு ஓரத்தில் துணி அடித்துத் துவைக்கச் சாய்வாகக் கல். நடுவில் குழி விழுந்திருக்கிறது. எத்தனை கை அடித்த குழியோ. குந்தி உட்கார்ந்து தண்ணீரில் கைவிட்டேன். ஐஸ். என்னை அறியாமல் "அக்கா, இங்க பாருங்களேன்" என்று திரும்பினேன். ஒரு ஜெர்மன்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னையும் எடுத்தார்.

பஸ்ஸில் மலை. வளைவுக்கு வளைவு கடல் சிறுத்துக்கொண்டே போயிற்று. காஸ்டெல்புவோனோவில் கோட்டை, சதுக்கம், நாற்காலி போட்டு ஊர்வம்பு பேசும் ஆண்கள்; பாஷை புரியாவிட்டாலும் யாரையோ கிழிக்கிறார்கள் என்பது புரிந்தது. அதற்கு அகராதி வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள் "சோலா?" என்றாள். தலையாட்டினேன். எதிரே இருந்த தட்டையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு போனாள். எல்லாரிடமும் அப்படித்தான் செய்வாள்.

இனி விஷயம். இந்த ஊர் மலைகளில் ஒரு மரம். பட்டையைக் கீறினால் பால் வடிந்து, வெயிலில் காய்ந்து வெள்ளைக் குச்சியாகிறது. இனிப்பு. அதன் பெயர் மன்னா. கடை வாசலில் நின்ற தொப்பைக்காரர் ஒரு துண்டை என் முன்னால் நீட்டி, மார்பில் கைவைத்துக் குனிந்து, "மன்னா!" என்றார். சத்தியமாக. ஐம்பத்து நாலு வயதில் முதல்தடவையாக ஒருவன் என்னைத் தர்பார் பாஷையில் விளிக்கிறான். "சொல்லும் அமைச்சரே!" என்றேன். அவர் மறுபடி "மன்னா!" என்றார். "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

இது தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் வரக்கூடிய சிரிப்பு. இந்த மலையைச் சுற்றி எத்தனை மைல் தேடினாலும் இதற்குச் சிரிக்க ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவர் கதவைத் தாண்டித்தான் காலையில் வந்தேன்.

ஒரு பொட்டலம் மன்னா வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் நகைச்சுவையாக ஒன்றும் எழுத வரவில்லை.

அதே நாள், வீட்டில்

வெளிக்கதவைத் தள்ளினால், படிக்கட்டுப் பக்கம் ஒரு மர நாற்காலி. யோகமலர். மயில்நீலச் சேலை. வெள்ளை ஷூ. மடியில் வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளில் கட்டிய இரண்டு பொதி.

"வந்திட்டியளோ. தனியப் போனியள், பயந்து போனன். போனும் எடுக்கேல்லை."

"அக்கா, நீங்க வெளியே போய்ட்டீங்கன்னுல்ல நினைச்சேன்! வெளிக்கிட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"ஓம். வெளிக்கிட்டுத்தான் இருந்தனான்."

எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மேலே தேனு கதவைத் திறந்தாள். வழிவிடவில்லை.

"காலையிலேர்ந்து அந்த நாற்காலியிலதாம்மா இருந்தாங்க. 'கொம்மா குளிக்கிறா போல, அவசரப்படுத்தாதை'ன்னு என்னையே சமாதானம் பண்ணாங்க. நீ போயிட்டேன்னு நான் சொல்லியும் நம்பல. 'என்னை விட்டிட்டுப் போகமாட்டா, கடைக்குப் போயிருப்பா'ங்கறாங்க."

"வார்த்தை குழப்பிடுச்சுடி. நம்ம ஊர்ல வெளிக்கிட்டேன்னா..."

"நம்ம ஊர்ல அந்த வார்த்தையே கிடையாதும்மா. போன வாரம் நான்தானே சொல்லிக்குடுத்தேன்? நீ எழுதிக்கக்கூட செஞ்சியே."

மறந்துபோயிற்று என்றேன். வயசாகிறதல்லவா.

மே 15, வியாழன்

ஏச்சு வாங்கத் தயாராகக் கீழே போனேன். அவர் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நேற்றைய பொதியைச் சூடுபண்ணி என் முன்னால் வைத்தார். புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பொரியல்.

"என்னோட பேச மாட்டீங்களாக்கா?"

"சீ, உங்களை நான் ஏன் பேசப்போறன்? பிழை ஒண்டும் இல்லையே. பாஷை அப்பிடி."

இரண்டு அர்த்தத்திலும் பேசவில்லை.

மன்னா கதையைச் சொன்னேன், அமைச்சர் மாதிரி குனிந்தும் காட்டினேன். சிரித்தார். ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார். கூட்டத்தில் கட்டுரை வாசிக்கும்போது நாகரிகமான ஆட்கள் இப்படிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

"ஊர் வடிவோ?"

"ஒண்ணும் பிரமாதமில்லக்கா. நம்ம கடல்தான், நம்ம மலைதான். நீங்க வராததே நல்லது, கால் வலிதான் மிச்சம்."

கொஞ்ச நேரம் மடித்த சேலையையே மறுபடி மடித்தார்.

"அந்தத் துறை? சிங்கத்தின்ர வாயில இருந்து தண்ணி வருகுதோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்:

"அப்படி ஒண்ணும் இல்லக்கா. நானும் தேடினேன். ஊர்ல யாருக்கும் தெரியல."

"இல்லையோ?"

"இல்லக்கா."

"ஓ." சூட்கேஸை மூடினார். "படுக்கையில கிடந்த மனுசி. எனக்கு அலுக்கக் கூடாதெண்டு சும்மா கதை விட்டிருக்கிறா போல."

கதை விடுவது என்றால் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

மே 16, வெள்ளி

வாங்கக்கா, இன்றைக்கே போவோம், மறுபடி தேடிப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன். மயில்நீலச் சேலை இல்லை, சாதாரணச் சேலை. ஸ்டேஷனில் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். அறிவிப்பு ஒரு வாரமாக ஒட்டியிருந்ததாம். படிக்கத் தெரிந்தவள் போகவேண்டும். "பரவாயில்லை, இல்லாத ஒண்டைத்தானே பாக்கப்போறம்" என்றார் யோகமலர்.

மே 17, சனி

வழியனுப்ப ஊர்த் தமிழர் பூராவும் கீழ்வீட்டில். நான் வடை சுட்டேன். என் பகிடிக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

ஓர் அம்மா கேட்டார்: "யோகமக்கா, சிங்கத்துறைக்குப் போனனீங்களோ? கனகாலமாச் சொல்லிக்கொண்டிருந்தியளே."

"அது பொய்யாம்" என்றார் யோகமலர். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மே 18, ஞாயிறு

ஒன்றும் எழுத இல்லை. வடைச்சட்டி தேய்த்தேன்.

மே 19, திங்கள்

விமான நிலையம். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேனுவின் வயிற்றைத் தொட்டு யோகமலர் ஏதோ முணுமுணுத்தார். சிங்கக் கதை இல்லை. என் கையைப் பிடித்து, "பிள்ளையை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ. சாம்பார்ப் பொடியைக் கீழ்த்தட்டில எடுத்து வச்சிட்டன், உங்களுக்கு எட்டும்" என்றார்.

சோதனைக் கதவுக்குப் போகும் நீள வரிசை, கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருக்கிறார்கள். வெள்ளை ஷூ ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் பாட்டுக்கு நின்றேன். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"அக்கா!" கயிற்றுக்குக் கீழே குனிந்துவிட்டேன். என் பருமனுக்கு அது கயிறோடு சேர்த்து இரண்டு கம்பத்தையும் இழுத்தது. "அக்கா, சிங்கம் இருக்கு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தமிழில் கத்தினதால் யாரும் பயந்து ஓடவில்லை.

"என்ன?"

"இருக்குக்கா! வரிசையா இருக்கு! வாய்லேர்ந்து தண்ணி கொட்டுது, ஐஸ் மாதிரி! துவைக்கிற கல்லு குழி விழுந்து கிடக்கு. நான் குந்தி உக்காந்து கையை விட்டுப் பாத்தேன். சிஞ்ஞோரா சொன்னது அத்தனையும் நிஜம்!"

யோகமலர் நின்றார். பின்னால் இருந்தவர் முன்னே போகச் சொன்னார், அவர் அசையவில்லை. முகம் முதலில் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டது.

"அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"ஒன்பது வருசம் அந்த மனுசியின்ர மலசலம் அள்ளினனான். ஒரு பொய் சொன்னதில்லை என்னோட. உங்கட ஒரு சொல்லுக்கு அவவைப் பொய்க்காரி எண்டு நினைச்சுப்போட்டன். ஊரெல்லாத்துக்கும் சொல்லியும் போட்டன்." குரல் உடைந்தது. "நாற்காலியில இருத்திப்போட்டுப் போனியள், அதை விடுவம். எனக்கு எல்லாம் விளங்கினது, இந்திராணி. பாஷைப் பிழை எண்டு நானும் உங்களோட சேந்து நடிச்சன். ஆனா இதை ஏன் செய்தனீங்கள்? நீங்கள்தான் பொய்க்காரி!"

சீருடைக்காரர் ஒருவர் வந்து என் முழங்கையைத் தொட்டார். வரிசை நகர்ந்தது. யோகமலர் திரும்பிப் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்து உருளையில் விட்டார்; வெறுங்காலோடு கதவுக்குள் போனார்.

தேனு பக்கத்தில் வந்து, "என்னம்மா சொன்னாங்க?" என்றாள்.

"பேசினாங்கடி" என்றேன்.

எந்த அர்த்தத்தில் என்று அவள் கேட்கவில்லை.

மே 20, செவ்வாய்

ஆசிரியர் கட்டுரை எங்கே என்று கேட்கிறார். தலைப்பை மாற்றலாமா என்று கேட்டேன். தலைப்புத்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்.

மே 21, புதன்

காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, தலை வாரி, கீழே இறங்கினேன். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். தரைத்தளத்துக் கதவு பூட்டியிருந்தது. நாற்காலி அங்கேயே கிடந்தது. உட்கார்ந்தேன். சிஞ்ஞோராவின் ஊருக்கு ரயில் உண்டு, இன்று வேலைநிறுத்தமும் இல்லை.

வேலைக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை படியில் நின்றார். "மாமி, எங்க, வெளிக்கிட்டு இருக்கிறியள்?"

"ஆமா மாப்பிள்ளை. வெளிக்கிட்டுட்டேன்."

"யாரோட?"

பதிலுக்கு ஒரு பகிடி யோசித்தேன். வரவில்லை. அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.